சபை என்பது கட்டடமா, மக்களா?



புதிய ஏற்பாட்டில் நாம் 'சபை' என்று வாசிக்கும் இடங்களில், கிரேக்க மூலத்தில் உள்ள சொல் 'எக்ளேசியா'. இது முதலில் ஆலயத்துக்குரிய சொல் அன்று. பண்டைய ஏதென்ஸில் நகரக் காரியங்களைத் தீர்மானிக்கக் கூடிய குடிமக்களின் பேரவைக்கே அப்பெயர் வழங்கிற்று. அப்போஸ்தலர் 19ஆம் அதிகாரத்தில், எபேசுவில் கூச்சலிட்ட கூட்டத்தையும் லூக்கா இதே சொல்லால் குறிக்கிறார். எங்கும் பொருள் ஒன்றே: கூடிவந்த மக்கள்.

இச்சொல் லத்தீன் வழியாகப் பரவி, பிரெஞ்சில் 'எக்லீஸ்', ஸ்பானிய மொழியில் 'இக்லேசியா' என்றாயிற்று. வட ஐரோப்பாவிலோ வேறொரு கிரேக்கச் சொல் வேரூன்றியது. 'கூரியாகோன்' என்றால் 'கர்த்தருக்குரியது'. கர்த்தருடைய வீட்டுக்கு அது பெயராயிற்று. ஜெர்மானியரின் 'கிர்ஹெ', டச்சுக்காரரின் 'கெர்க்', ஆங்கிலேயரின் 'சர்ச்' ஆகியவை அதன் வழிவந்தவை. ருமேனியரோ 'பிசெரிக்கா' என்கின்றனர்; அது ரோமரின் பொது மண்டபமான 'பசிலிக்கா'விலிருந்து பிறந்தது.

இவ்வாறு, மக்களைக் குறித்த சொல்லும் வீட்டைக் குறித்த சொல்லும் ஒரே பொருளில் கலந்தன. 1526இல் வில்லியம் டிண்டேல் புதிய ஏற்பாட்டை ஆங்கிலத்தில் வெளியிட்டபோது, 'சர்ச்' என்பதை விலக்கி, கூடிவரும் மக்களைக் குறிக்கும் 'காங்கிரிகேஷன்' என்னும் சொல்லை எழுதினார். 1529இல் தாமஸ் மோர் இதைக் கடுமையாகக் கண்டித்தார். சபை என்பது விசுவாசிகளின் கூட்டமே என்றால், திருச்சபைத் தலைவர்களின் அதிகாரம் என்னாகும் என்ற அச்சம் அந்த விவாதத்தின் அடியில் இருந்தது. 1536இல் டிண்டேல் மதவிரோதி எனத் தீர்க்கப்பட்டுக் கொல்லப்பட்டார். அவர் உடல் எரிக்கப்பட்டது. பின்னர் 1611ஆம் ஆண்டு ஆங்கில வேதாகமத்தை மொழிபெயர்த்தோருக்கு, 'சர்ச்' என்ற பழைய சொல்லையே காக்கும்படி விதி கொடுக்கப்பட்டது.

பிரியமானவர்களே, இவ்விரு சொற்களில் ஒன்றை நாம் தள்ளவேண்டியதில்லை. ஒன்று நாம் யார் என்கிறது: கூட்டிச் சேர்க்கப்பட்ட மக்கள். மற்றொன்று நாம் யாருடையவர்கள் என்கிறது: கர்த்தருடையவர்கள். ஆகையால் படுக்கையில் கிடந்து ஆலயத்துக்கு வர இயலாத தாயாரும் சபைக்குள்ளேதான் இருக்கிறார். ஆலயத்துக்குச் சுண்ணாம்பு அடிக்க நாம் காட்டும் கருத்தில் ஒரு பங்கையாவது, அவரைச் சென்று காண்பதில் காட்டுகிறோமா? இவ்வாரம் ஒரு வீட்டுக்கதவைத் தட்டுங்கள். அங்கேயும் சபை கூடும்.

கர்த்தர் தாமே உங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.