தொண்டைமானும் மருது சகோதரர்களும்: கடமையா, விளைவா?

இது கொஞ்சம் நீண்ட பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

வெளியூரில் "புதுக்கோட்டைப் பக்கம்" என்று சொன்னால், "கட்டபொம்மனைப் பிடித்துக் கொடுத்த சீமைதானே?" என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நம் ஆலங்குடி அந்தச் சமஸ்தானத்தின் மூன்று தாலுகாக்களில் ஒன்றாக இருந்தது. ஆகவே அந்தக் கேள்வி நமக்கும் சேர்த்துத்தான்.

முதலில் நடந்ததைப் பார்ப்போம். 1799 செப்டம்பரில் மேஜர் பானர்மேன் பாஞ்சாலங்குறிச்சியைத் தாக்கினார். கட்டபொம்மன் தப்பி வடக்கே வந்தார். திருக்களம்பூர்க் காட்டில் புதுக்கோட்டை ஆட்களிடம் பிடிபட்டார். மன்னர் விஜய ரகுநாத தொண்டைமான் அவரைக் கம்பெனியாரிடம் ஒப்படைத்தார். அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் தூக்கிலிட்டார்கள். அவர் அடைக்கலம் கேட்டு வந்தாரா, மறைந்திருந்தபோது சிக்கினாரா என்ற வாதம் இன்றும் ஓயவில்லை.

இரண்டே ஆண்டில் அதே சோதனை சிவகங்கைக்கு வந்தது. 1801 பிப்ரவரியில் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பிய ஊமைத்துரை, பின்னர் மருது சகோதரர்களிடம் வந்து சேர்ந்தார். அவர்கள் அவரை ஒப்படைக்கவில்லை. காளையார்கோயில் வீழ்ந்தது. அக்டோபர் 24 அன்று திருப்பத்தூரில் இருவரும் தூக்கிலிடப்பட்டார்கள். சின்ன மருதுவின் மகன் துரைசாமி உட்பட 70 பேருக்கு மேல் பினாங்குக்கு நாடு கடத்தப்பட்டார்கள்.

அதே காலத்தில் ஐரோப்பாவிலும் இதே கேள்வி பேசப்பட்டது. ஜெர்மானிய அறிஞர் இம்மானுவேல் காண்ட், செய்யும் செயல் கடமைக்கு ஏற்றதா என்று மட்டும் பார், விளைவைக் கணக்கிடாதே என்றார். 1797இல் ஒரு சிறு கட்டுரை எழுதினார். உன் நண்பனைக் கொல்லத் துரத்தி வருபவன், "அவன் உன் வீட்டில் இருக்கிறானா?" என்று கேட்டால் என்ன செய்வாய்? அப்போதும் பொய் சொல்லக் கூடாது என்பதே அவர் பதில். ஆனால் பொய் சொல்லாதே என்றாரே தவிர, நண்பனைப் பிடித்துக் கொடு என்று அவர் சொல்லவில்லை. நம் வள்ளுவர் 292ஆம் குறளில் வேறு வழி காட்டுகிறார்: குற்றமற்ற நன்மை தரும் பொய்யும் வாய்மைக்குச் சமம்.

இங்கிலாந்தின் ஜெரமி பெந்தாம் எதிர்ப்பக்கம். பெரும்பாலோருக்கு எது அதிக நன்மை தருமோ அதுவே அறம் என்றார். அவருடைய முக்கிய நூல் வெளிவந்தது 1789இல். இந்தத் தொண்டைமான் பட்டத்துக்கு வந்ததும் அதே ஆண்டுதான். பெந்தாமின் வழிவந்த ஜான் ஸ்டூவர்ட் மில், 1823 முதல் 1858 வரை லண்டனில் கிழக்கிந்தியக் கம்பெனி அலுவலகத்தில்தான் வேலை பார்த்தார்.

விளைவை வைத்துப் பார்த்தால் தொண்டைமான் கணக்கு பலித்தது. 1803இல் கீழாநிலைக் கோட்டையும் அதைச் சேர்ந்த பகுதியும் கிடைத்தன. சமஸ்தானம் 1948 மார்ச் 3 வரை நின்றது. ஆனால் 1799இல் இருந்தவருக்கு 1948 தெரியாது. அவர் தம் நாட்டு நன்மையை எண்ணினார் என்றே வைத்துக்கொண்டாலும், கம்பெனியின் கை ஓங்கியதால் மற்ற பாளையங்கள் பட்ட பாடு அந்தக் கணக்கில் ஏறவில்லை.

கடமையை வைத்துப் பார்த்தாலும் எளிதில்லை. எல்லைக்குள் வந்தவரைக் காப்பது ஒரு கடமை. கர்நாடகப் போர்க்காலம் முதல் ஆங்கிலேயரோடு இருந்த நட்புறவுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பதும் கடமை. இரண்டு கடமைகள் மோதினால் எது முந்தியது? காண்டிடம் இதற்கு நேரான விடை எனக்குக் கிடைக்கவில்லை.

என் முடிவு இது. மருதிருவர் தம் முடிவின் விலையைத் தம் கழுத்தாலேயே கொடுத்தார்கள். அவர்கள் நாட்டு மக்களும் கொடுத்தார்கள் என்பதை மறக்கக் கூடாது. தொண்டைமான் முடிவின் விலையை வேறொருவர் கொடுத்தார். அதனால்தான் மக்கள் மனதில் மருதிருவர் உயர்ந்து நிற்கிறார்கள், அது நியாயமும்கூட. ஆனால் பழியை ஊர் முழுவதன்மேல் சுமத்த இரண்டு அறமுமே இடம் தரவில்லை. கடமை அறம், செய்தவர் மனதைப் பார்க்கிறது. விளைவு அறம், அவர் தேர்ந்தெடுத்த வழியைப் பார்க்கிறது. ஆலங்குடியில் ஏர் பிடித்தவனிடம் அன்று யாரும் யோசனை கேட்கவில்லை.

உங்கள் பிள்ளைகளை யாராவது இப்படிக் கேட்டால், சண்டைக்குப் போகாமல் நடந்ததை ஆண்டோடு சொல்லச் சொல்லுங்கள். உங்கள் கருத்து வேறாக இருந்தால் தாராளமாக எழுதுங்கள். வகுப்பில் கேட்டது போலவே கேட்கிறேன்.