'லூஷி': சீன வழக்கறிஞரைக் குறிக்கும் சொல்லின் வரலாறு

சீன வழக்கறிஞரை விருந்தினராக வரவேற்கும் அவையில் அறிமுகவுரையை மொழிபெயர்ப்பவர் முதற்கண் எதிர்கொள்ளும் சொல் 'லூஷி' என்பதாகும். இதனை 'வழக்கறிஞர்' எனப் பெயர்த்தல் எளிது. ஆயினும் அது சொல்லின் வரலாற்றை மறைத்துவிடுகின்றது.

பௌத்த நூல்களைச் சீனத்தில் பெயர்த்தோர் 'விநயம்' என்பதற்கு 'லூ' என்னும் சொல்லை ஆண்டனர்; விநய விதிகளில் வல்ல துறவியே பண்டை லூஷி. (தமிழில் விநயம் பணிவாகச் சுருங்கியது தனிக்கதை.) பிறர்க்கு வழக்குமனு எழுதிக்கொடுத்தவரோ 'சொங்ஷி' எனப்பட்டார். சிங் அரசின் சட்டத்தொகுப்பு அவரை வழக்குத் தூண்டுபவராகக் கருதித் தண்டித்தது. 1912ஆம் ஆண்டு விதிகள் புதிய தொழிலுக்கு அவ்விழிபெயரை விடுத்து லூஷி என்பதையே கொண்டன.

1950களின் இறுதியில் இத்தொழில் ஒடுக்கப்பட்டது. 1980இல் இயற்றப்பட்ட தற்காலிக விதிகள் லூஷியை 'அரசின் சட்டப் பணியாளர்' என வரையறுத்தன. 1996ஆம் ஆண்டுச் சட்டமே அவரைச் 'சமுதாயத்திற்குச் சட்டப்பணி புரிபவர்' ஆக்கிற்று. எனவே 1985இல் வந்த விருந்தினரை வெறுமனே வழக்கறிஞர் என்று அறிமுகஞ் செய்திருப்பின், விருந்தளித்தோர் அவரைத் தம்மைப்போல் தனித்தொழில் புரிபவராகவே கொண்டிருப்பர். அவரோ அரசு ஊழியர். கட்சிக்காரர் நலனும் அரசின் நலனும் முரணும் வழக்கில் அவர் நிலை யாது என்னும் வினாவே அங்கு எழுந்திராது. அக்கால ஆவணங்களைப் பெயர்ப்போர் 'அரசுப்பணி வழக்கறிஞர்' என விரித்துரைத்தலே தகும்.