யப்பானின் 9ஆவது உறுப்புரையும் தரம் 11 பிள்ளையின் கேள்வியும்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருப்பவர்கள் ஆறுதலாக வாசியுங்கள்.

தரம் 11 வரலாற்றுப் பாடத்தில் இரண்டாம் உலக யுத்தத்தை முடித்துக்கொண்டிருந்தேன். ஹிரோஷிமா, நாகசாகி, பிறகு யப்பானின் புதிய அரசியலமைப்பு. “இனி யுத்தம் செய்ய மாட்டோம், படையும் வைத்திருக்க மாட்டோம் என்று எழுதி வைத்த நாடு” என்றேன். பின் வாங்கிலிருந்து ஒரு பிள்ளை எழும்பினாள்.

“சேர், அப்பிடி எழுதி வச்ச நாடு இப்ப ஏன் ஏவுகணை வாங்குது? நியூஸில போகுது.”

மணி அடித்துவிட்டது. “நாளைக்குச் சொல்றன்” என்று தப்பிக்கொண்டேன். அன்றிரவு உட்கார்ந்து யோசித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

1947 மே 3ஆம் திகதி நடைமுறைக்கு வந்த யப்பானிய அரசியலமைப்பின் 9ஆவது உறுப்புரை இரண்டு விடயங்களைச் சொல்கிறது. ஒன்று, யுத்தத்தை ஓர் அரச உரிமையாகக் கொள்வதை யப்பான் கைவிடுகிறது. இரண்டு, தரைப்படை, கடற்படை, வான்படை எதையும் வைத்திருக்காது. அமெரிக்க ஆக்கிரமிப்பு நிர்வாகத்தின் கீழ் வரையப்பட்ட யாப்புத்தான். ஆனால் 1945 மார்ச்சில் ஒரே இரவுக் குண்டுவீச்சில் தோக்கியோவில் ஏறத்தாழ ஒரு இலட்சம் பேரைப் பறிகொடுத்த சனத்துக்கு அந்த வரிகள் அந்நியமாகத் தெரியவில்லை. யாப்பைத் திருத்த இரு சபைகளிலும் மூன்றில் இரண்டும் சர்வசன வாக்கெடுப்பும் வேண்டும். இன்றுவரை அதில் ஓர் எழுத்துக்கூட மாறவில்லை. நமது 1978 யாப்பு 21ஆம் திருத்தம்வரை வந்துவிட்டதை நினைத்துக்கொள்ளுங்கள்.

எழுத்து மாறவில்லை, பொருள் மாறியது. 1950இல் கொரிய யுத்தம் தொடங்கி அமெரிக்கப் படைகள் அங்கே போனதும், யப்பானில் 75,000 பேர் கொண்ட “பொலிஸ் சேமப்படை” ஒன்றை உருவாக்கும்படி மெக்காதர் பணித்தார். 1954இல் அது “தற்பாதுகாப்புப் படை” ஆனது. பெயரில் இராணுவம் இல்லை, தாங்கியும் யுத்தக் கப்பலும் இருந்தன. தற்காப்புக்குத் தேவையான மிகக் குறைந்த பலத்தை 9ஆவது உறுப்புரை தடுக்கவில்லை என்பது அரசின் வியாக்கியானம்.

இந்தக் கதையில் நமது நாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு.

1951 செப்டெம்பரில் யப்பானுடனான சமாதான உடன்படிக்கைக்காக சான் பிரான்சிஸ்கோவில் மாநாடு கூடியது. இலங்கையின் பிரதிநிதி அப்போதைய நிதியமைச்சர் ஜே.ஆர். ஜயவர்தன. 1942 ஏப்ரலில் கொழும்பிலும் திருகோணமலையிலும் யப்பானிய விமானங்கள் குண்டு வீசியிருந்தன. நேச நாடுகளின் தேவைக்காக நமது றப்பர் மரங்கள் அளவுக்கு மீறி வெட்டிப் பால் எடுக்கப்பட்டு நாசமாகியிருந்தன. நட்டஈடு கேட்க இலங்கைக்கு நியாயம் இருந்தது. பகையைப் பகையால் தணிக்க முடியாது என்ற புத்தரின் போதனையைச் சொல்லி, இலங்கை நட்டஈடு கேட்காது என்று அவர் அறிவித்தார். யப்பானில் இன்றும் அந்த உரையை நினைவுகூருகிறார்கள். காமக்குராவின் பெரிய புத்தர் சிலை அமைந்த விகாரையில் அவருக்கு நினைவுக்கல் இருக்கிறது.

நாம் பிள்ளைகளுக்குச் சொல்வது இவ்வளவுதான். அதே உரையில் இன்னொரு விடயமும் உண்டு. யப்பானின் படைபலத்துக்கு வரையறை போடவேண்டும் என்று சோவியத் ஒன்றியம் கேட்டது. ஜே.ஆர். அதை எதிர்த்தார். சுதந்திர நாடு என்றால் தன்னைப் பாதுகாக்கப் படை வைத்திருக்கும் உரிமையும் இருக்கவேண்டும் என்பது அவருடைய வாதம். ஆக, யப்பான் ஆயுதம் எடுக்கலாமா என்ற விவாதத்தில் 1951இலேயே இலங்கை ஒரு பக்கம் நின்று பேசிவிட்டது. அப்போது நமது இராணுவத்துக்கே இரண்டு வயது நிறையவில்லை. 1949 ஒக்டோபர் 10இல்தான் அது உருவானது, முதல் தளபதி ஒரு பிரித்தானியர்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1960இல் அமெரிக்காவுடனான பாதுகாப்பு ஒப்பந்தத்தைப் புதுப்பித்தபோது இலட்சக்கணக்கானோர் வீதிக்கு இறங்கினார்கள். ஒரு மாணவி உயிரிழந்தார், பிரதமர் கிஷி பதவி விலகினார். 1976இல் பாதுகாப்புச் செலவுக்கு தேசிய உற்பத்தியில் 1 வீதம் என்று எல்லை வைத்தார்கள். 1992இல் ஐ.நா. அமைதி காக்கும் பணிக்குப் படை அனுப்பச் சட்டம் வந்தது, முதலில் போனது கம்போடியாவுக்கு. அங்கே ஐ.நா. பணிக்குத் தலைமை தாங்கிய யசூஷி அகாஷிதான் பின்னர் நமது சமாதானப் பேச்சுக் காலத்தில் யப்பானின் விசேட தூதுவராகக் கிளிநொச்சிக்கு வந்துபோனவர். 2014இல் நட்பு நாடு தாக்கப்பட்டாலும் சேர்ந்து போரிடலாம் என்று அமைச்சரவை வியாக்கியானத்தை மாற்றியது. 2015இல் அது சட்டமானபோது பாராளுமன்றத்தைச் சுற்றிப் பெரும் கூட்டம் திரண்டது. 2022 டிசெம்பரில் ஐந்து வருடத்துக்கு 43 ட்ரில்லியன் யென், தேசிய உற்பத்தியில் 2 வீதம், எதிரியின் ஏவுதளத்தைத் தாக்கும் வல்லமை என்று முடிவெடுத்தார்கள். என் மாணவி நியூஸில் பார்த்தது இதன் தொடர்ச்சியைத்தான்.

ஆயுதம் வேண்டும் என்பவர்களை வெறும் யுத்த வெறியர்கள் என்று தள்ளிவிட முடியாது. வடகொரியாவின் ஏவுகணை தலைக்கு மேலால் போகிறது. சீனக் கடற்படை பெருகுகிறது. உக்ரேனுக்கு நடந்தது நாளை நமக்கு நடந்தால் யார் வருவார் என்று கேட்கிறார்கள். அன்று சான் பிரான்சிஸ்கோவில் யப்பானிடம் நட்டஈடு கேட்ட பிலிப்பைன்ஸ், 2024இல் யப்பானியப் படைகள் தன் மண்ணில் பயிற்சி செய்ய வழிவிடும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது.

மறுபக்கத்தைப் புரிந்துகொள்ள தோக்கியோவை விட்டு ஒகினாவாவுக்குப் போகவேண்டும். நாட்டின் நிலப்பரப்பில் 0.6 வீதம் மட்டுமே உள்ள அந்தத் தீவுகளில், யப்பானிலுள்ள அமெரிக்கத் தளங்களின் பரப்பளவில் ஏறத்தாழ 70 வீதம் இருக்கிறது. 1945இல் அங்கே நடந்த சண்டையில் பொதுமக்களில் நாலில் ஒருவர் அளவில் செத்துப்போனார்கள். இராணுவம் இருந்த இடத்தைத் தேடித்தான் சண்டை வந்தது, இராணுவம் எங்களைக் காக்கவில்லை என்பது அங்குள்ள முதியவர்களின் பட்டறிவு. இப்போது தெற்கேயுள்ள இஷிகாகி தீவில் ஏவுகணைப் பிரிவு நிறுத்தப்பட்டிருக்கிறது. நெருக்கடி வந்தால் அந்தப் பக்கத் தீவுகளிலிருந்து சுற்றுலாப் பயணிகளையும் சேர்த்து 1,20,000 பேரை வெளியேற்ற 2025 மார்ச்சில் அரசு திட்டம் வெளியிட்டது.

அந்த எண்ணிக்கையை வாசித்தபோது எனக்கு வேறு எண்கள் ஞாபகம் வந்தன. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் சுமார் 75,000 பேர். அதில் முல்லைத்தீவிலிருந்து போன எங்கள் குடும்பமும் ஒன்று. நான் பிறந்தது புத்தளத்தில், ஓலைக் கொட்டிலில். 2009இல் இந்தப் புதுக்குடியிருப்பு வீதியால் கடற்கரைப் பக்கம் தள்ளப்பட்ட சனத்தை நான் எண்ணிக்கையாகச் சொல்லப் போவதில்லை. என் வகுப்பில் இருக்கும் பிள்ளைகளின் தாய் தகப்பன்மார் அவர்கள். என்னை வெளியேற்றிய துவக்கும் அவர்களை வெளியேற்றிய செல்லும் வேறு வேறு கைகளில் இருந்தவை. “உங்களைப் பாதுகாக்கத்தான்” என்ற சொல் இரண்டு பக்கத்திலும் இருந்தது.

சான் பிரான்சிஸ்கோவில் அன்பைப் பேசிய ஜே.ஆர். 1979இல் பயங்கரவாதத் தடைச் சட்டத்தைக் கொண்டுவந்தார். 1983 யூலை அவருடைய ஆட்சியில்தான் நடந்தது. தூரத்து நாட்டை மன்னிப்பது இலகு, பக்கத்து வீட்டாரோடு நீதியாக இருப்பது கஷ்டம். இதை அவருக்கு மட்டுமல்ல, நமக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

யப்பானிடம் எனக்குப் பிடித்தது அது ஆயுதம் வைத்திருக்கவில்லை என்பதல்ல, வைத்திருக்கிறதுதானே. ஒவ்வொரு படி எடுக்கும்போதும் அரசு சனத்துக்கு விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. எத்தனை வீதம், எந்த ஆயுதம், யாருடைய தீவில் என்று எழுபது வருடமாகக் கேட்கிறார்கள். அந்த ஒரு உறுப்புரை இல்லாவிட்டால் கேட்க ஒரு பிடி இருந்திராது.

நாம் கேட்டோமா? 2023 ஜனவரியில் பாதுகாப்பு இராஜாங்க அமைச்சர், இராணுவத்தை 2030இல் ஒரு இலட்சமாகக் குறைப்போம் என்றார். அப்போது சொல்லப்பட்ட ஆளணி இரண்டு இலட்சத்துக்கு மேல். கொழும்பில் அது வரவுசெலவுக் கணக்கு, இங்கே அது காணி. 2017இல் கேப்பாப்புலவு, பிலக்குடியிருப்புச் சனம் முகாம் வாசலில் வெயிலிலும் பனியிலும் இருந்தது அதற்காகத்தான். எத்தனை படை, எந்த இடத்தில், எவ்வளவு காலத்துக்கு என்று இந்த நாட்டுப் பாராளுமன்றம் ஒரு முழு நாளாவது பேசியிருக்கலாம்.

இன்னொரு விடயம். இதே வன்னியில் மிதிவெடி அகற்ற நீண்டகாலமாக நிதி தந்துவரும் நாடுகளில் யப்பானும் ஒன்று. 2018இல் நமது கரையோரக் காவற்படைக்கு இரண்டு ரோந்துக் கப்பல்கள் தந்ததும் அதே யப்பான்தான். எது வேண்டும் என்று எங்களிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என் பிள்ளைகள் மிதிவெடியைத்தான் முதலில் சொல்லியிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

மறுநாள் வகுப்பில் இதில் பாதியைச் சொன்னேன். வகுப்பை இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கம் தோக்கியோ, மறுபக்கம் ஒகினாவா என்று விவாதிக்க விட்டேன். கேள்வி கேட்டவள் தோக்கியோப் பக்கம் விழுந்தாள். நன்றாகவே பேசினாள். முடிந்ததும் கிட்ட வந்து, “சேர், அடுத்த தடவை என்னை மற்றப் பக்கம் விடுங்கோ” என்றாள்.

விடுவேன், இன்ஷா அல்லாஹ்.