அக்கூஸ்டிக் பேஸ் கிட்டார்: உடலளவும் ஒலியும்

அக்கூஸ்டிக் பேஸ் கிட்டார் என்பது உள்ளீடற்ற மரப்பெட்டி கொண்ட, தாழ்ந்த சுரங்களை எழுப்பும் கம்பி இசைக்கருவி ஆகும். பெரும்பாலும் நான்கு கம்பிகளைக் கொண்ட இது, டபுள் பேஸைப் போலவே ஈ, ஏ, டி, ஜி எனச் சுருதி சேர்க்கப்படுகிறது. மடியில் வைத்து வாசிக்கும் அளவுள்ள பெட்டியிலிருந்து, மின்சாரம் இல்லாமல் ஆழமான ஒலியைப் பெற முடியுமா என்ற கேள்வியே இதன் வரலாறு.

சிக்கலின் காரணம்

இதன் தடித்த கம்பி நொடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிர்கிறது. சாதாரணக் கிட்டார் பெட்டிக்குள் உள்ள காற்றோ ஏறத்தாழ 100 ஹெர்ட்ஸ் அளவிலேயே நன்கு ஒத்ததிர்கிறது. அதற்குக் கீழே பெட்டியின் உதவி குறைந்துவிடுகிறது. மேற்சுரங்களைக் கொண்டு காது சுரத்தை அடையாளம் காணும். ஆனால் அதன் கனத்தை உணராது. ஆளுயர டபுள் பேஸுக்கு இக்குறை மிகக் குறைவு.

எர்த்வுட்

1951இல் வெளிவந்த ஃபெண்டர் பிரெசிஷன் பேஸ், ஒலியை உரக்கச் செய்யும் பொறுப்பைப் பெருக்கியிடம் ஒப்படைத்தது, பெட்டியே தேவைப்படவில்லை. அக்கூஸ்டிக் கிட்டாருக்கு இணையாக அக்கூஸ்டிக் பேஸும் வேண்டும் என்று கருதிய எர்னி பால், மெக்சிக்கோவின் மரியாச்சிக் குழுக்களில் ஒலிக்கும் கித்தாரோன் என்ற பெருங்கருவியை முன்மாதிரியாகக் கொண்டார். ஃபெண்டரில் பணியாற்றிய ஜார்ஜ் ஃபுல்லர்ட்டனுடன் இணைந்து 1972இல் எர்த்வுட் பேஸை வெளியிட்டார். அதன் பெட்டி வழக்கத்துக்கு மாறாக ஆழமானது. ஒலி நிறைவாக இருந்தது. ஆனால் கையாள்வது கடினம். வயலன்ட் ஃபெம்ஸ் குழுவின் பிரையன் ரிச்சி, 1983இல் வெளிவந்த அக்குழுவின் முதல் இசைத்தொகுப்பில் வாசித்த பின்னரே பலர் அதை அறிந்தனர்.

மின்சாரத்தின் துணை

1989இல் தொடங்கிய எம்டிவி அன்பிளக்டு நிகழ்ச்சி இக்கருவிக்குப் பெரும் புகழ் தந்தது. பெயரில் மின்சாரம் மறுக்கப்பட்டாலும், மேடையில் பேஸ் ஒலி பெருக்கப்பட்டே அரங்கை அடைந்தது. அழுத்த மின் உணரி பொருத்தப்பட்ட, மெல்லிய பெட்டி கொண்ட கருவிகள் பரவலாயின. பெட்டி சிறிதானதால் பின்னூட்ட இரைச்சல் குறைந்தது, தோளுக்கும் எளிதானது. மின்சாரமற்ற ஒலியோ மெலிந்தது.

தெரிவு

இந்த இரு வழிகளே இன்றும் கருவியைத் தெரிவு செய்பவர் முன் உள்ளன. பெருக்கி இல்லாமல் வாசிப்பவருக்குப் பெட்டியின் ஆழமே முதன்மை. பெருக்கியுடன் வாசிப்பவருக்கு உணரியின் தரமும் கையடக்கமும் முதன்மை. வெண்கலக் கம்பி தெளிவான, கூரிய ஒலி தரும். தட்டைச் சுற்றுக் கம்பி விரல் உரசலைக் குறைத்து, டபுள் பேஸை ஒத்த மங்கிய ஒலி தரும். எனினும் கம்பியை மாற்றுவதால் சிறிய பெட்டி பெரிதாகிவிடாது. வாசிப்பவர் பெட்டிக்குப் பின்னால் இருப்பதால், மற்றொருவரை வாசிக்கச் சொல்லிச் சில மீட்டர் தள்ளி நின்று, பக்கத்தில் ஒரு கிட்டாரும் ஒலிக்கும்போது கேட்பதே நம்பகமான சோதனை. தனியறையில் முழங்கும் பல கருவிகள் அச்சோதனையில் அமுங்கிப் போகின்றன.