பொறி எண்ணெய் அழுத்தம்

பொறி எண்ணெய் அழுத்தம் என்பது உள் எரி பொறி ஒன்றின் அசையும் பாகங்களுக்கு மசகெண்ணெய் செலுத்தப்படும் அழுத்தம் ஆகும். பட்டறைகளில் இது ஆயில் பிரஷர் என அழைக்கப்படுகிறது. மகிழுந்து, சரக்குந்து, டீசல் ஜெனரேட்டர் ஆகியவற்றில் இவ்வழுத்தம் இழக்கப்பட்டால் பொறி சில நிமிடங்களுக்குள் பழுதடையக்கூடும். எனினும், வழமைக்கு மாறான அளவு காட்டப்படுவதற்கு அளவியின் கோளாறும் காரணமாக இருக்கலாம். ஆகவே, பொறியை நிறுத்தியபின், அதனைப் பிரிப்பதற்கு முன், காட்டப்பட்ட அளவு உண்மையானதா என்று உறுதி செய்வதே பழுதறிதலின் முதற்படியாகும்.

அழுத்தம் உருவாகும் விதம்

சம்ப் எனப்படும் அடித்தொட்டியில் உள்ள எண்ணெயை, எண்ணெய்ப் பம்பு ஒரு கம்பிவலை வழியாக உறிஞ்சி, வடிகட்டிக்கு அனுப்புகிறது. அங்கிருந்து அது கிராங்க் சாப்ட் எனப்படும் வணரித்தண்டின் பேரிங்குகளுக்கும் பிற பாகங்களுக்கும் செல்கிறது. பம்பு உருவாக்குவது ஓட்டத்தையே ஆகும். பேரிங்குகளின் குறுகிய இடைவெளி அவ்வோட்டத்தைத் தடுப்பதால் அழுத்தம் உண்டாகிறது. எனவே, இவ்விடைவெளி தேய்ந்து அகன்றாலும், வெப்பத்தால் எண்ணெயின் பாகுநிலை குறைந்தாலும் அழுத்தம் குறையும். அழுத்தம் எல்லை மீறும்போது விடுவிப்பு வால்வு திறந்து மிகை எண்ணெயைத் திருப்பிவிடுகிறது.

வழமையான அளவுகள்

சரியான அளவு பொறிக்குப் பொறி மாறுபடும். தயாரிப்பாளரின் கையேடே இறுதியானது. சூடான மகிழுந்துப் பொறியில் பொதுவாக ஐடிலிங் நிலையில் 0.7 முதல் 2 பார் வரையும், ஓட்டத்தின்போது 2 முதல் 4.5 பார் வரையும் இருக்கும் (1 பார் = ஏறத்தாழ 14.5 பிஎஸ்ஐ). குளிர்ந்த பொறியில் அளவு கூடுதலாக இருப்பது இயல்பு.

பல மகிழுந்துகளில் அளவி இல்லை. சிவப்பு எச்சரிக்கை விளக்கு மட்டுமே உண்டு. இது பெரும்பாலும் அழுத்தம் 0.3 முதல் 0.6 பார் வரையிலான மிகத் தாழ்ந்த நிலையை அடைந்த பின்னரே எரியும். ஆகவே, விளக்கு எரியாமை போதிய அழுத்தத்திற்குச் சான்றாகாது.

பழுதறியும் முறை

1. விளக்கு எரிந்தால் பொறியை உடனே நிறுத்த வேண்டும். பட்டறை வரை ஓட்டிச் செல்லலாகாது.
2. வண்டியைச் சமதளத்தில் நிறுத்திச் சில நிமிடங்கள் கழித்து, அளவுகோல் கம்பியில் எண்ணெய் மட்டத்தைப் பார்க்க வேண்டும். எரிபொருள் வாடை வீசினால் எண்ணெயில் எரிபொருளும், பால் போன்ற நிறம் தெரிந்தால் நீரும் கலந்திருக்கலாம்.
3. எளிய விளக்குச் சுற்றில், பொறியை இயக்காமல் சாவியை மட்டும் திருப்பினால் விளக்கு எரிய வேண்டும். அழுத்த சுவிட்சின் கம்பியைக் கழற்றினால் அணைய வேண்டும். அணையாவிட்டால் கம்பி எங்கோ வண்டியின் உடலைத் தொடுகிறது.
4. சுவிட்சைக் கழற்றி, அவ்விடத்தில் இயந்திர வகை அளவியைப் பொருத்தி, குறுகிய நேரம் மட்டும் பொறியை இயக்கி அளக்க வேண்டும். அடிப்பகுதியிலிருந்து தட்டும் ஒலி வந்திருந்தால் இச்சோதனைக்காகவும் பொறியை இயக்கக்கூடாது.

இயந்திர அளவி சரியான அளவைக் காட்டினால் பழுது சுவிட்சிலோ கம்பியிலோ உள்ளது. அது பொறியைப் பிரிக்கும் செலவோடு ஒப்பிட மிகச் சிறியது.

அளவுகள் உணர்த்துபவை

* குளிரில் சரியாகவும் சூட்டில் ஐடிலிங்கில் குறைவாகவும் இருத்தல்: பேரிங் தேய்வு அல்லது நீர்த்த எண்ணெய்.
* எல்லா வேகத்திலும் குறைவு: பம்பின் தேய்வு, திறந்தபடி சிக்கிய விடுவிப்பு வால்வு அல்லது அடைபட்ட கம்பிவலை.
* திருப்பத்திலும் பிரேக் பிடிக்கும்போதும் வீழ்தல்: எண்ணெய் மட்டம் குறைவு.
* சூடான பின்னரும் மிகை அழுத்தம்: தடித்த எண்ணெய், மூடியபடி சிக்கிய வால்வு அல்லது எண்ணெய்வழி அடைப்பு. அடைப்பு இருப்பின், அளவி உயர்ந்த எண்ணைக் காட்டினாலும் சில பேரிங்குகள் எண்ணெயின்றித் தேயும்.

திருப்பூர்ப் பகுதியில்

தமிழ்நாட்டில் 2008 முதல் நிலவி, 2012இல் கடுமையான மின்பற்றாக்குறையின்போது, திருப்பூரின் பின்னலாடை நிறுவனங்கள் டீசல் ஜெனரேட்டர்களைப் பெரிதும் சார்ந்திருந்தன. மகிழுந்துக்குக் கூறிய விதிகளே இவற்றுக்கும் பொருந்தும். ஆனால் ஜெனரேட்டர் நகராததால் எண்ணெய் மாற்றும் காலம் கிலோமீட்டரால் அன்றி, இயங்கிய மணிகளால் கணக்கிடப்படுகிறது. பஞ்சுத் தூசி ரேடியேட்டரில் படிந்தால் பொறி மிகையாகச் சூடேறி, எண்ணெய் நீர்த்து, அழுத்தம் குறையும். அந்நிலையில் பம்பை மாற்றுவது பயன் தராது.

பெரும்பாலான ஜெனரேட்டர்களில் அழுத்தம் குறைந்தால் பொறியைத் தானாக நிறுத்தும் சுவிட்ச் உண்டு. உற்பத்தி தடைபடாதிருக்க இச்சுவிட்சை இணைப்பிலிருந்து நீக்கி இயக்குவது ஆபத்தானது. சுவிட்ச் பழுதெனில் அதை அளவியால் மெய்ப்பித்து மாற்ற வேண்டும்; பழுதில்லையெனில் அது காப்பாற்றியது பொறியையே ஆகும்.

இவற்றையும் பார்க்கவும்

* உராய்வு
* பாகுநிலை
* டீசல் பொறி