சலாபக் கடலும் சொல்லத் தயங்கிய ஒரு துன்பமும்



இளமையில் சங்கு குளித்து வாழ்ந்த முதியவர் ஒருவர் எங்கள் பள்ளியின் முதல் ஸஃப்பில் நிற்பவர். நாள்தோறும் விடியலுக்குப் பின் கடலில் நீந்துவதும் அவர் வழக்கம். திடீரென நீச்சலையும் நிறுத்தினார்; ஜமாஅத்துக்கு வருவதையும் நிறுத்தினார். வீடு தேடிச் சென்று கேட்டபோது நெடுநேரம் தலைகுனிந்திருந்தவர், "தண்ணிக்குள்ள எறங்குனா அடக்க முடியல ஆலிம்சா. இருமுனாலும் சொட்டுது. கபுற நெனச்சா பயமா இருக்கு" என்றார். சிறுநீரைப் பேணாதவருக்குக் கப்றில் வேதனை உண்டு என்னும் நபிமொழியை அறிந்தவர் அவர். அவருக்குச் சொன்ன விடையையே வரலாற்றின் துணையுடன் இங்கு எழுதுகிறேன்.

நம் கடற்கரையின் வரலாறே நீருக்குள் இறங்கிய மனித உடல்களின் வரலாறுதான். கொற்கையின் முத்துக்குளிப்பைக் கி.பி. முதல் நூற்றாண்டின் கிரேக்கக் கடல்வழி நூலொன்று குறிப்பிடுகிறது; தண்டனை பெற்ற கைதிகளே அதில் ஈடுபடுத்தப்பட்டனர் என்கிறது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் காயல் துறைமுகத்தைக் கண்ட மார்க்கோ போலோவும் இக்கடலின் முத்துக்குளிப்பை விரிவாக எழுதினார். பின்னர் வந்த சலாபங்களில் பரதவரும், கீழக்கரை, காயல்பட்டினம் முதலிய ஊர்களின் முஸ்லிம்களும் ஒரே பார்களில் குளித்தனர். அரபுக் குளியாட்கள் கொம்பினாலான கவ்வியால் மூக்கை அடைத்தனர். நம்மவர் விரல்களாலேயே பிடித்துக்கொண்டனர். கல்லில் கால் வைத்து இறங்கி, ஒரு நிமிட அளவு மூச்சடக்கிச் சிப்பி பொறுக்கி, கயிற்றின் துணையால் மேலே வந்தனர். இவ்வாறு ஒரே நாளில் நாற்பது, ஐம்பது முறை மூழ்கியதாகப் பழைய பதிவுகள் கூறுகின்றன. தூத்துக்குடியின் இறுதிச் சலாபத் தொடர் 1955 முதல் 1961 வரை நடைபெற்றது. சங்கு குளிப்பு இன்றும் தொடர்கிறது.

நீருக்குள் இறங்கியதும் சிறுநீர் முட்டுவதை இக்கடலில் குளித்த எவரும் அறிவர். அது மனத்தின் பலவீனமன்று, உடலின் இயல்பு. நீரின் அழுத்தம் கால்களிலும் வயிற்றிலும் உள்ள குருதியை மார்புப் பகுதிக்குத் தள்ளுகிறது. குளிர்ந்த நீரில் தோலின் நாளங்கள் சுருங்குவதும் இதற்குத் துணைபுரிகிறது. இதய அறைகள் விரியவே, உடலில் நீர் மிகுந்துவிட்டதென உணரப்பட்டுச் சிறுநீரகங்கள் மிகுதியாகச் சிறுநீரைப் பிரிக்கின்றன. கழுத்தளவு நீரில் நின்றாலே இது நிகழும். இளைஞர் அடக்கிக்கொள்வர். மகப்பேற்றினால் இடுப்படித் தசைகள் தளர்ந்த தாய்மாருக்கும், புரஸ்தகோளம் வீங்கிய முதியவருக்கும், நீரிழிவாளருக்கும் அடக்குவது கடினமாகிறது.

இந்நோய் நம் மார்க்க நூல்களுக்குப் புதிதன்று. ஃபிக்ஹு நூல்கள் இதனை 'ஸலஸுல் பவ்ல்' என்று பெயரிட்டுத் தனியே பேசுகின்றன. இப்னு ஸீனா தமது மருத்துவப் பெருநூலில் சிறுநீர்ப்பை நோய்களை விரிவாக ஆராய்ந்துள்ளார். குர்ஆனைத் தொகுக்கும் பணியை ஏற்ற ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்களுக்கே முதுமையில் இந்நிலை ஏற்பட்டதாகவும், இயன்றவரை தடுத்துப் பார்த்து, இயலாதபோது உளூச் செய்து தொழுததாகவும் அறிவிப்பு உள்ளது. அத்தகைய நபித்தோழரே தொழுகையை விடாதிருக்க, நாம் ஏன் பள்ளியை விட்டு ஒதுங்க வேண்டும்? கப்றின் வேதனை பற்றிய எச்சரிக்கை, பேண முடிந்தும் அலட்சியம் செய்பவருக்கு உரியது, நோயாளிக்கு உரியதன்று.

இனிச் சட்டத்தைக் காண்போம். நீருக்குள்ளோ இருமும்போதோ மட்டும் கசிந்து, மற்ற நேரத்தில் நின்றுவிடுமானால் அவர் 'உத்ர்' உடையவர் அல்லர். கழுவி, உடை மாற்றி, உளூச் செய்து தொழுதால் போதும். உளூச் செய்து தொழும் அளவுக்குக்கூட இடைவெளியின்றிக் கசிபவரே உத்ர் உடையவர். நம் கடற்கரை ஊர்கள் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபின்படி, அவர் தொழுகை நேரம் வந்தபின் கழுவி, துணியோ பஞ்சோ வைத்துக் கட்டி, உடனே உளூச் செய்து தாமதமின்றித் தொழ வேண்டும். ஜமாஅத்துக்காகக் காத்திருப்பது குற்றமாகாது. ஒவ்வொரு ஃபர்ளுக்கும் இவற்றைப் புதிதாகச் செய்ய வேண்டும். ஹனஃபி மத்ஹபில், வேறு காரணத்தால் முறியாதவரை, அந்த நேரம் முடியும்வரை அவ்வுளூ நிலைக்கும்.

கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) அவர்கள் 'ஃபத்ஹுத் தய்யான்' என்னும் ஷாஃபிஈ சட்ட நூலை அரபுத் தமிழில் எழுதினார்கள். அரபி படித்தவர் மட்டுமன்றி வீட்டுப் பெண்களும் தொழிலாளரும் தம் மொழியில் சட்டத்தை அறிந்துகொள்ள அத்தகைய நூல்கள் வழிவகுத்தன. அந்த மரபில் வந்த நாம், இதைக் கேட்கவும் சொல்லவும் வெட்கப்படுவது தகுமா?

கடல்நீர் தூயது, இச்சிறு கசிவால் அசுத்தமாகாது. நீச்சல் குளமும் இரண்டு குல்லத்தை விடப் பன்மடங்கு பெரியது. நிறம், சுவை, மணம் மாறாதவரை அதன் நீரும் அசுத்தமாகாது. எனினும் தேங்கிய நீரில் சிறுநீர் கழிப்பதை நபி (ஸல்) அவர்கள் தடுத்துள்ளதால், பிறர் குளிக்கும் இடத்தில் இயன்ற பேணுதல் கடமை. இறங்குமுன் சிறுநீர் கழித்துவிடுதல், முன்னதாகத் தேநீரையும் காப்பியையும் குறைத்தல், இடையிடையே கரையேறிக் கழிப்பறைக்குச் செல்லுதல் ஆகியவை பயன் தரும். சாதாரணப் பஞ்சணை குளத்து நீரை உறிஞ்சி ஊதிவிடும். நீச்சலுக்கென இறுக்கமாகத் தைத்த உள்ளாடைகள் கிடைக்கின்றன. அவையும் சிறுநீரை முழுமையாகத் தடுத்துவிடும் என எண்ணலாகாது. தண்ணீர் குடிப்பதை அடியோடு நிறுத்துவது தீங்கு.

இடுப்படித் தசைகளை இறுக்கித் தளர்த்தும் பயிற்சியை அமெரிக்க மருத்துவர் ஆர்னால்ட் கெகல் 1948இல் வெளியிட்டார். சில மாதங்கள் விடாமல் செய்தால் பலருக்குப் பலன் தெரிகிறது. எரிச்சலோ இரத்தமோ காய்ச்சலோ இருப்பின், அல்லது கசிவு திடீரெனத் தொடங்கினால், மருத்துவரை உடனே காண வேண்டும்.

அம்முதியவர் மருத்துவரிடம் சென்றார். இப்போது மாற்றுக் கைலி ஒன்றை எடுத்துக்கொண்டு கடலுக்குப் போகிறார். குளித்துக் கழுவி, உளூச் செய்து பள்ளிக்கும் வருகிறார். உங்கள் வீட்டிலும் ஓர் உம்மாவோ வாப்பாவோ காரணம் சொல்லாமல் ஒதுங்கியிருந்தால், கடிந்துகொள்ளாமல் தனிமையில் மென்மையாகக் கேளுங்கள்.

அல்லாஹ் நம் நோயாளிகளுக்கு ஷிஃபாவை வழங்குவானாக. ஆமீன்.