துறைமுகக் குமாஸ்தாவும் ஒரு பேரெண்ணும்

தீவுவாசிகளாகிய நாம் தாயகம் சென்று கப்பலில் மீளுங்கால், சென்னைத் துறைமுகத்தைக் காணாதிருப்பதில்லை. அத்துறைமுகத்தின் கணக்குப் பகுதியில், 1912ஆம் ஆண்டு மார்ச்சு முதல் நாள், மாதம் முப்பது ரூபாய் ஊதியத்தில் ஓர் இளைஞர் குமாஸ்தாவாக அமர்ந்தார். மெட்ரிகுலேஷனில் தேறியவர், எப்.ஏ. தேர்விலோ கணிதம் தவிர்ந்த பாடங்களால் தவறியவர். அவரே கணித மேதை சீனிவாச இராமானுஜன்.

அவர் பெயரைக் கேட்டதும் 1729 என்னும் எண்ணைப் பலரும் நினைப்பர். யான் கூற விழைவது அதனினும் மிகப் பெரியதோர் எண்ணாகும்.

நான்கு என்பதை முழு எண்களின் கூட்டலாக எத்தனை வகையில் எழுதலாம்? 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1 என ஐந்து வகை. பத்துக்கு 42 வகை. நூறுக்கோ 19,05,69,292 வகை. இருநூறுக்கு 39,72,99,90,29,388 வகை. அஃதாவது, ஏறத்தாழ நான்கு லட்சம் கோடி! இதனைப் பிரிவினை எண் என்பர்.

1914 மார்ச்சு 17ஆம் நாள், அதே துறைமுகத்திலிருந்து 'நெவாசா' கப்பலேறிய இராமானுஜன், கேம்பிரிட்ஜில் பேராசிரியர் ஹார்டியுடன் இவ்வெண்களுக்கு ஒரு சூத்திரம் கண்டார். 1918இல் அது வெளிவந்தது. இருநூறுக்கு அதன் எட்டு உறுப்புகளைக் கூட்டியபோது, மேற்சொன்ன எண்ணும் 0.004 என்னும் சிறு மிச்சமும் கிடைத்தன.

விடை சரிதானா? மேஜர் மக்மகான் என்னும் அறிஞர், ஒன்று முதல் இருநூறு வரை ஒவ்வொன்றாய்க் கையால் கணித்துப் பட்டியலிட்டிருந்தார். முன் கண்ட விடைகளைக் கூட்டியும் கழித்துமே அடுத்த விடையைப் பெறுதல் வேண்டும்; ஓரிடத்தில் பிழை நேரின் பின்வருவன யாவும் கெடும். முற்பக்க இருப்பைப் பிற்பக்கத்திற்குக் கொண்டுசெல்லும் எம்போன்றோர் இவ்வச்சத்தை நன்கறிவோம். இரு விடைகளும் ஓரெண்ணும் பிசகாமல் ஒத்தன!

இராமானுஜன் அப்பட்டியலை நோக்கி, மற்றொரு புதுமையும் கண்டார். 4, 9, 14, 19 என நான்கிலோ ஒன்பதிலோ முடியும் எண்களின் பிரிவினைகள் எப்போதும் ஐந்தால் மீதியின்றி வகுபடும். நான்குக்கு 5, ஒன்பதுக்கு 30, பதினான்குக்கு 135. பிறர் கணித்த பட்டியலில் அவர் ஒழுங்கைக் கண்டதோடு நில்லாது, அதற்கு நிறுவலும் அளித்தார்.

தண்டவாளமில்லாத் தீவில் ரயில்வே எழுத்தனாயுள்ள யான், பத்தாம் வகுப்போடு நின்றவன். மாலையில் கணக்கில் ஒரு ரூபாய் குறைந்தாலும் அன்றிரவு உறக்கம் வாராது. எனவே, இரு வழியில் வந்த அப்பேரெண் ஒத்துநின்ற செய்தி என் உள்ளத்தை உருக்குகின்றது.

பெற்றோர்காள்! நம் குடியிருப்புப் பிள்ளை ஒரு தேர்வில் தவறினால், கடிந்துரைக்குமுன் அவன் நோட்டின் கடைசிப் பக்கங்களைப் புரட்டிப் பாருங்கள். அங்கு அவன் தானே விரும்பிப் போட்ட கணக்கு ஏதேனும் இருக்கலாம்.